மூச்சு இருக்கிற மாதிரி இருந்தது

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் லிப்ட் உண்டு. ஓடுகிற நாள்தான் குறைவு. மூன்றாம் மாடி மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார், அப்படியே சரிந்தார். மாமி போட்ட சத்தத்தில் ஏழெட்டுப் பேர் ஓடிப்போனோம். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். ஒருவர் உள்ளங்காலைத் தேய்த்தார். நான் பேப்பரை மடித்து விசிறினேன். மாமாவின் வாய் மெல்லத் திறந்து மூடியது, இடைக்கிடை குறட்டை மாதிரி ஓர் இழுப்பு. "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு, கெதியா தூக்குங்கோ" என்றார் மாமி. பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி மூன்று மாடியும் இறக்கினோம். ஓட்டோ பிடித்தோம். காலி வீதியில் ஞாயிறு என்றாலும் வாகனம்தான். வைத்தியசாலை வாசலில் இறக்கியபோது செய்வதற்கு ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. மரண அறிவித்தலில் "மாரடைப்பால் காலமானார்" என்று போட்டோம்.

அவ்வளவு நேரத்தில் எங்களில் ஒருவர்கூட மாமாவின் நெஞ்சில் கை வைக்கவில்லை. வைக்கவேண்டும் என்று ஒருவருக்கும் தெரியாது. நான் வைத்தியன் அல்லன். அதற்குப் பிறகு வாசித்ததையும், ஒரு முதலுதவிப் பயிற்சியில் பொம்மையின் நெஞ்சை அழுத்திக் கை நொந்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த மரண அறிவித்தலைத் திருத்தவேண்டும். மாரடைப்பும் இதய நிறுத்தமும் ஒன்றல்ல. மாரடைப்பு இரத்தக் குழாயில் நடப்பது. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று அடைபடுகிறது. அந்த ஆளுக்கு நெஞ்சு நோகும், வியர்த்துக் கொட்டும், கை உளையும். ஆனால் அவர் உங்களோடு கதைப்பார். இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும். இதய நிறுத்தத்தில் இதயம் இரத்தத்தை வெளியே தள்ளுவதே நின்றுவிடுகிறது. சில வினாடிகளில் நினைவு போய்விடும். மாரடைப்பு வந்தவருக்கு இதய நிறுத்தமும் வரலாம், பெரியவர்களில் அடிக்கடி நடப்பது அதுதான். ஆனால் கடலில் மூழ்கியவருக்கும், மின்சாரம் தாக்கியவருக்கும், இதயத்தின் மின்னோட்டத்தில் கோளாறு உள்ள இளைஞருக்கும் அது வரும். 2021 ஜூன் 12 அன்று கொப்பன்ஹேகன் மைதானத்தில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் விழுந்தது இதய நிறுத்தத்தில். அவருக்கு வயது 29. விழுந்த இடத்திலேயே நெஞ்சை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். அடுத்த வருடமே அவர் மறுபடி பந்து விளையாட வந்துவிட்டார்.

நின்றுபோன இதயம் என்றால் அசையாமல் கிடக்கும் என்று நினைத்திருந்தேன். எப்போதும் அப்படியல்ல. கோயில் தேரை நினைத்துப்பாருங்கள். வடம் பிடித்த நூறு பேரும் "அரோகரா" சத்தத்துக்கு ஒன்றாக இழுத்தால் தேர் நகரும். அதே நூறு பேரும் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால்? எல்லாரும் வியர்த்து விறுவிறுக்க இழுப்பார்கள், வடம் நெளியும், தேர் அசையாது. இதயத்தின் கீழறைத் தசைகளுக்கு இப்படி ஒரு குழப்பம் வருவதுண்டு. ஒவ்வொரு நாரும் தன்பாட்டுக்குத் துடிக்கும், இரத்தம் நகராது. மின்னதிர்ச்சிக் கருவி செய்வது இதயத்தை "ஸ்டார்ட்" பண்ணுவது அல்ல. எல்லாரையும் ஒரு கணம் வடத்தை விடச் செய்வது. அந்த அமைதியில் இதயத்தின் இயற்கையான மின்மையம் மறுபடி தாளத்தைப் பிடிக்கலாம். வடத்தில் யாருமே இல்லை என்றால், அதாவது தசையில் மின்னசைவே இல்லை என்றால், அதிர்ச்சியால் பயன் இல்லை. மானிட்டரில் நேர்கோடு ஓடும்போது ஷொக் கொடுத்து எழுப்புகிற சினிமாக் காட்சிகள் அத்தனையும் பொய்.

இனி அந்தக் குறட்டை. அதற்கு மருத்துவத்தில் தனிப் பெயர் உண்டு. நாம் மரண இழுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். இதயம் நின்ற பிறகும் மூளையின் அடித்தண்டு சில நிமிடம் வேலை செய்யும். அது வாயைத் திறக்கவைக்கும், ஒரு நீண்ட இழுப்பு இழுக்கவைக்கும். நிமிடத்துக்குச் சில தடவை வரும், பிறகு குறைந்து குறைந்து நின்றுவிடும். அது மூச்சு அல்ல. அதை மூச்சு என்று நினைத்துத்தான் உலகம் முழுக்க ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நாங்கள் மட்டும் அல்ல என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருக்கவில்லை.

ஆகவே சோதனை இரண்டே கேள்விதான். தோளில் தட்டிக் கூப்பிட்டால் அசைகிறாரா? மூச்சு வழமைபோல இருக்கிறதா? இரண்டுக்கும் "இல்லை" என்றால் இதய நிறுத்தம் என்றே எடுத்துக்கொள்ளவேண்டும். நாடி பிடித்துப் பார்க்கவேண்டாம். பயிற்சி பெற்றவர்களே அதில் பிழை விடுகிறார்கள். அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அடித்து, போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிடுங்கள். ஆளைக் கட்டிலில் விடாமல் தரையில் மல்லாக்கக் கிடத்துங்கள். மெத்தையில் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன் மேல் மற்றக் கை, முழங்கை மடங்காமல். 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. வீட்டில் சங்கீதமோ மிருதங்கமோ படிக்கிற பிள்ளை இருந்தால் சுலபம்: "த-க-தி-மி" என்று ஓர் எழுத்துக்கு ஓர் அழுத்தம், இரண்டு வினாடிக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு தகதிமி. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே வர விடவேண்டும். இரண்டு நிமிடத்தில் களைத்துவிடுவீர்கள், பக்கத்தில் நிற்பவரிடம் மாற்றுங்கள். விலா எலும்பு முறியக்கூடும். முறிந்தாலும் நிறுத்தாதீர்கள், எலும்பு பொருந்தும்.

இடையில் நிறுத்தக்கூடாது என்று ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள்? ஊரில் குழாய்க் கிணற்றுக் கைப்பம்பு அடித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முதல் ஐந்தாறு அடிக்கு வெறும் காற்றுதான் கடகடக்கும், பிறகுதான் தண்ணீர் ஏறும். கையை எடுத்தால் ஏறின தண்ணீர் இறங்கிவிடும், மறுபடி முதலில் இருந்து. நெஞ்சழுத்தத்திலும் அப்படித்தான் அழுத்தம் மெல்ல ஏறும், விட்டவுடன் சரசரவென்று விழும். வாயோடு வாய் வைத்து ஊதத் தெரியாது, மனம் வரவில்லை என்றால் பரவாயில்லை. திடீரென்று விழுந்த பெரியவருக்கு முதல் சில நிமிடம் இரத்தத்தில் ஒட்சிசன் மிச்சம் இருக்கும், அதை ஓடவைத்தால் போதும். ஆனால் வெள்ளவத்தைக் கடலில் இருந்து தூக்கிவரும் பிள்ளைக்கு அப்படியல்ல. அங்கே முதலில் தீர்ந்தது ஒட்சிசன்தான், ஊதத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். விழுந்தவர் பெண் என்றால் ஆட்கள் தயங்குகிறார்கள். அமெரிக்காவில் பொது இடங்களில் விழுந்தவர்களைப் பற்றி 2018இல் வந்த ஓர் ஆய்வில், ஆண்களில் 45 வீதத்தினருக்கும் பெண்களில் 39 வீதத்தினருக்கும்தான் அருகில் நின்றவர்கள் சி.பி.ஆர்., அதாவது இந்த நெஞ்சழுத்த முதலுதவி, செய்திருந்தார்கள். அமெரிக்காவிலேயே அப்படி என்றால், சேலை உடுத்த ஒரு அம்மா புறக்கோட்டை பஸ் நிலையத்தில் விழுந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப்பாருங்கள்.

இந்த வெறுங்கை வைத்தியத்தைக் கண்டுபிடித்த கதை வேடிக்கையானது. அமெரிக்காவின் பால்டிமோரில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கௌவன்ஹோவன் என்று ஒருவர். அவர் வைத்தியர் அல்லர், மின் பொறியியலாளர். மின்கம்பத்தில் வேலை செய்யும்போது அதிர்ச்சி தாக்கிச் சாகும் தொழிலாளர்களை எப்படிக் காப்பாற்றலாம் என்பது அவருடைய தேடல். அவருடைய குழுவில் இருந்த கை நிக்கர்பொக்கர் நாய்களில் சோதனை செய்தபோது ஒன்றைக் கவனித்தார். மின்தகட்டை நெஞ்சின் மேல் பலமாக அழுத்தும்போதே, மின்சாரம் பாயும் முன்னரே, இரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறுகிறது. அதில் இருந்துதான் எல்லாம். அறுவைச் சிகிச்சை நிபுணர் ஜேம்ஸ் ஜூடும் சேர, மூவருமாக 1960இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 20 நோயாளர், 14 பேர் தப்பினார்கள். இவ்வளவு நல்ல எண்ணைப் பார்த்து ஏமாறக்கூடாது: அவர்கள் வைத்தியசாலைக்குள்ளேயே, உடனடியாகக் கவனிக்கப்பட்டவர்கள். பொறியியலாளர் கௌவன்ஹோவனுக்கு ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவப் பீடம் பின்னாளில் கௌரவ வைத்தியப் பட்டம் கொடுத்தது. 1973இல் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருதும் கிடைத்தது.

மற்றவர்களுக்கு அங்கீகாரம் அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை. "பாராமெடிக்" என்ற சொல்லை எடுங்கள். நம் பத்திரிகைகளில் "துணை மருத்துவ சேவையினர் பணிப்பகிஷ்கரிப்பு" என்று வந்தால் அது மருந்தாளர், எக்ஸ்ரே எடுப்பவர், ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர். வெளிநாடுகளில் பாராமெடிக் என்றால் வேறு ஆள்: வீதிக்கும் வீட்டுக்கும் வந்து, அங்கேயே சிகிச்சை தொடங்குகிற அம்புலன்ஸ் தொழில்நிபுணர். ஒரு காலத்தில் அமெரிக்காவிலும் அம்புலன்ஸ் என்றால் எங்கள் ஓட்டோ போலத்தான், ஏற்றி இறக்குவது மட்டும். பிட்ஸ்பர்க் நகரில் பொலிஸ் வாகனமே நோயாளரைத் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடும். 1967இல் அங்கே ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற பகுதியில் வேலையற்றிருந்த கறுப்பின இளைஞர்களைச் சேர்த்து ஃப்ரீடம் ஹவுஸ் அம்புலன்ஸ் சேவை தொடங்கியது. பயிற்சியை வகுத்தவர் வாய்வழிச் சுவாசத்தை நிறுவிய வைத்தியர் பீட்டர் சஃபார். ஒருவரும் வேலைக்கு எடுக்காத பிள்ளைகள், நாட்டிலேயே முதன்முதல் வீதியில் உயர் சிகிச்சை செய்தவர்களில் ஆனார்கள். 1975இல் நகரசபை தன் சொந்தச் சேவையைத் தொடங்க, இவர்களுடையது மூடப்பட்டது. பல பத்தாண்டு இவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. அதே காலத்தில், 1966இல், பெல்ஃபாஸ்ட் நகரில் ஃப்ராங்க் பான்ட்ரிட்ஜ் என்ற வைத்தியர் கார் பற்றரியில் ஓடும் மின்னதிர்ச்சிக் கருவியை அம்புலன்ஸில் ஏற்றினார். அதன் நிறை 70 கிலோ. இன்றைக்கு விமான நிலையச் சுவரில் மாட்டியிருக்கும் ஏ.ஈ.டி. என்ற தானியங்கி மின்னதிர்ச்சிப் பெட்டியின் பூட்டன் அது.

ஏ.ஈ.டி. யார் கையிலும் வேலை செய்யும். அதன் மின் அட்டைகளை நெஞ்சில் ஒட்டினால் கருவியே இதயத்தின் தாளத்தை வாசித்து, தேவையா இல்லையா என்று தானே முடிவெடுத்து, குரலில் சொல்லும். 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் நடந்தது. அங்கே கருவியைப் பிடித்தவர்கள் செக்கியூரிட்டிக்காரர்கள். யாரோ பார்த்துக்கொண்டிருக்கும்போது விழுந்து, மூன்று நிமிடத்துக்குள் அதிர்ச்சி கிடைத்தவர்களில் 74 வீதம் தப்பினார்கள். மூன்று நிமிடம் தாண்டியவர்களில் 49 வீதம். எங்கள் கட்டடங்களிலும் வாசலில் ஒரு செக்கியூரிட்டி ஐயா கதிரை போட்டுக்கொண்டு இருக்கிறார். அவருக்கு யாராவது ஒரு பெட்டியையும் அரை நாள் பயிற்சியையும் கொடுக்கலாமே என்று நினைப்பதுண்டு. சிகிச்சை ஒன்றும் இல்லாமல் கழிகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் தப்பும் வாய்ப்பு 7 முதல் 10 வீதம் குறைகிறது. மாலை ஆறு மணிக்குப் பம்பலப்பிட்டிச் சந்தியில் நின்று இந்தக் கணக்கைப் போட்டுப்பாருங்கள்.

இப்போது ஆய்வுக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இதயம் நின்றவருக்கு அட்ரினலின் ஊசி போடுவது பல பத்தாண்டு வழக்கம். அது உண்மையில் பயன் தருகிறதா என்று ஒருவரும் பெரிய அளவில் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்திருக்கவில்லை. எப்படிச் சோதிப்பது? நினைவின்றிக் கிடப்பவரிடம் "ஆய்வில் சேருகிறீர்களா?" என்று கேட்க முடியாது. அழுதுகொண்டிருக்கும் மனைவியிடம் படிவத்தை நீட்டவும் முடியாது. பிரித்தானியாவில் அம்புலன்ஸ் பாராமெடிக்குகள் இதைச் செய்தார்கள். ஊசிப் பெட்டிகளைப் பார்த்தால் ஒன்றுபோல இருக்கும். சிலவற்றுக்குள் அட்ரினலின், சிலவற்றுக்குள் வெறும் உப்புநீர். பெட்டியை உடைக்கிற பாராமெடிக்குக்கே எது என்று தெரியாது. ஒப்புதல் பிறகுதான், தப்பியவரிடமோ அவருடைய ஆட்களிடமோ. முன்கூட்டியே வேண்டாம் என்பவர்கள் கையில் ஒரு வளையம் போட்டுக்கொள்ளலாம். இது நியாயமா என்று அங்கே பெரிய வாக்குவாதம் நடந்தது. எனக்கும் முதலில் நெருடியது. என் அப்பாவுக்கு உப்புநீரா? ஆனால் மறுபக்கம் யோசித்தால், பயன் தெரியாத மருந்தைக் காலம் காலமாக எல்லாருக்கும் ஏற்றியதும் ஒரு சோதனைதான். எழுதிவைக்காத சோதனை, அவ்வளவே.

ஐந்து அம்புலன்ஸ் சேவைகள், 8,014 நோயாளர். 2018இல் முடிவு வந்தது. அட்ரினலின் பெற்றவர்களில் 3.2 வீதமானோர் 30 நாள் கடந்தும் உயிரோடு இருந்தார்கள், உப்புநீர் பெற்றவர்களில் 2.4 வீதம். அப்படியென்றால் மருந்து வேலை செய்கிறதுதானே? பொறுங்கள். தப்பி வீடு திரும்பும் கட்டத்துக்கு வந்தவர்களில் மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் அட்ரினலின் பக்கம் 31 வீதம், உப்புநீர் பக்கம் 17.8 வீதம். இதயத்தை அது எழுப்பியது, மூளையை எழுப்பியதா என்பது சந்தேகம். ஊசி ஏறியதும் அழைப்பு வந்து 20 நிமிடத்துக்குப் பிறகுதான் என்பதையும் நினைவில் வையுங்கள். அட்ரினலின் இன்றைக்கும் வழிகாட்டல்களில் இருக்கிறது. அதன்மேல் இருந்த குருட்டு நம்பிக்கைதான் போனது.

அந்தக் கட்டுரைக்குள் இன்னொரு கணக்கு கிடக்கிறது. ஓர் உயிரைக் கூடுதலாகக் காப்பாற்ற, ஒரு வேலையை எத்தனை பேருக்குச் செய்யவேண்டும்? எண் சிறிதாக இருந்தால் வேலைக்குப் பலம் அதிகம். அட்ரினலினுக்கு அந்த எண் 112. அருகில் நிற்பவர் செய்யும் சி.பி.ஆருக்கு 15. விரைவான மின்னதிர்ச்சிக்கு 5. இது இதய நிறுத்தம் என்று நேரத்தோடு அடையாளம் காண்பதற்கு 11. வேறு வேறு ஆய்வுகளில் இருந்து எடுத்த எண்கள், ஆகவே தங்கத் தராசில் நிறுக்க முடியாது. ஆனாலும் பாருங்கள்: "இது மூச்சு இல்லை" என்று ஒருவர் கண்டுபிடித்துச் சொல்வது ஒரு சிகிச்சை. ஊசியைவிடப் பத்து மடங்கு பலமான சிகிச்சை.

மற்ற ஆய்வுகளும் இந்தப் பக்கமே சாய்கின்றன. நெஞ்சை அழுத்தும் இயந்திரம் பெரிய எதிர்பார்ப்போடு வந்தது. அம்புலன்ஸ் ஆய்வுகளில் மனிதக் கையை அது வெல்லவில்லை. தொண்டைக்குள் குழாய் இறக்குவதா, அல்லது செருகச் சுலபமான மூச்சுக் கருவி போதுமா என்று இங்கிலாந்தில் 1,500க்கும் மேற்பட்ட பாராமெடிக்குகளைப் பங்குபிரித்துச் சோதித்தார்கள், முடிவு 2018இல் வந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. விதிவிலக்காக 2022இல் கனடாவில் இருந்து ஒன்று வந்தது. மூன்று அதிர்ச்சிக்கும் மசியாத இதயங்களுக்கு, அட்டைகளை நெஞ்சிலும் முதுகிலுமாக இடம் மாற்றியபோதும், இரண்டு கருவிகளைச் சேர்த்து அதிர்ச்சி கொடுத்தபோதும் தப்பியவர்கள் கூடினார்கள். இந்த ஆய்வுகளில் தரவு சேர்த்தது வெள்ளை மேலங்கிக்காரர் மட்டும் அல்லர். படிக்கட்டில் முழந்தாளிட்டிருந்த அம்புலன்ஸ்காரர்கள். அவர்களில் சிலர் இன்றைக்குப் பேராசிரியர்கள்.

எங்களிடம் 1990 சுவசெரிய வந்தது 2016 ஜூலையில், இந்திய உதவியோடு, மேல், தென் மாகாணங்களில் 88 அம்புலன்ஸுடன். 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் வடக்குக்கும் தொடங்கினார்கள். காசு இல்லை, தமிழிலும் கதைக்கலாம், உள்ளே பயிற்சி பெற்ற ஆட்கள். இதெல்லாம் மாமா விழுந்தபோதும் இருந்தது. எங்களில் ஒருவருக்கும் அந்த நாலு இலக்கம் வாயில் வரவில்லை. ஓட்டோ கெதியாகப் போகும் என்று நினைத்தோம். ஓட்டோவுக்குள் நெஞ்சை அழுத்த முடியாது என்பது யோசனையிலேயே இல்லை.

போன மாதம் எங்கள் கட்டடத்தில் பத்துப் பேர் சேர்ந்து பயிற்சி ஒன்று எடுத்தோம். மாமியும் வந்து ஓரமாகக் கதிரையில் இருந்து பார்த்தார். பயிற்றுநர் அந்த இழுப்பை வாயால் செய்து காட்டத் தொடங்கியபோது நான் எழும்பிப் போய், தேத்தண்ணி போடுவமா மாமி என்று அவரைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனேன். இன்றைக்கும் யாராவது விசாரித்தால் மாமி சொல்வார்: "படியால இறக்கேக்கையும் அவருக்கு மூச்சு இருந்தது." நாங்கள் ஒருவரும் அதைத் திருத்துவதில்லை.